மூன்றடி இடைவெளி

அத்தியாயம் 11

ஆறு பத்துக்கு அவள் குரல் கேட்டது.

"அப்பா, நான்தான். போனை எடுக்கவே மாட்டீங்களா? சும்மாதான் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை மீன் வாங்கிட்டு வரேன், நீங்க எதுவும் சமைச்சு வைக்காதீங்க. சரியா? வெச்சுடறேன்."

பன்னிரண்டு விநாடி. பிறகு தகரக் கதவு திறக்கும் சத்தம். ஓரின் இருமும் சத்தம்.

நான் சோபாவில் படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மாதமாக இந்த சோபாதான் என் படுக்கை. மாடியில் ஓர் அறை இருக்கிறது. அதன் கதவை நவம்பரில் சாத்தினேன்.

என் மனைவி லினியாவுக்கு முப்பத்தோரு வயது. பல் மருத்துவமனையில் ஒருவருக்குப் பல் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது தலை வலிக்கிறது என்றாள். மாலைக்குள் முடிந்துவிட்டது.

அவளுடைய அப்பா ஓரின் ஏப்ரலில் வந்தார். பனி உருகி சாலை திறந்த வாரம். பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி, இருபத்து நான்கடி நீளக் கேம்பரை இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் உண்டு. வடக்கே இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டேன் என்றார். எங்கள் வீட்டு முன் வண்டிப்பாதையில் கேம்பரை நிறுத்தினார். உள்ளே வந்து படுங்கள் என்று நான் சொல்லவில்லை. வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. ஆறு மாதம் அப்படியே போனது.

அவருக்கு இடது காது மந்தம். காகித ஆலையில் முப்பது வருடம். அதனால் லினியா எப்போதோ அவர் போனில் விட்டுவைத்த அந்தப் பதிவைச் சத்தம் கூட்டி வைத்துத்தான் கேட்பார். தினமும்.

போன வாரம் நான் ஒப்புக்கொண்டதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேம்பரைப் பற்றி நகராட்சிக்குப் புகார் எழுதியவன் நான்.

எங்கள் ஊரில் ஒருவர் செய்வது பிடிக்கவில்லை என்றால் அவரிடம் போய்ச் சொல்ல மாட்டோம். பார்க்கும்போது கையசைப்போம். அவர் வீட்டு நடைபாதையில் பனி குவிந்தால் தள்ளிக்கூடக் கொடுப்போம். பிறகு நகராட்சியின் இணையப் பக்கத்தில் மூன்று கட்டங்களை நிரப்புவோம். விஸ்கான்சினில் பிறந்து வளர்ந்தவன் நான். அதைத்தான் செய்தேன். அலுவலகத்தில், மதிய இடைவேளையில், சாண்ட்விச்சைப் பிரிப்பதற்கு முன்.

புகார் வராதவரை விதிகள் தூங்கும். வந்தது. எழுந்துகொண்டன.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கேம்பரின் கதவில் ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டப்பட்டது. வீட்டின் முன்சுவரைத் தாண்டி முன்னால் இப்படிப்பட்ட வண்டி நிற்கக் கூடாது. சாமான் ஏற்றி இறக்க மட்டும் எழுபத்திரண்டு மணி நேரம். பக்கவாட்டில் நிறுத்தலாம், ஆனால் நில எல்லையிலிருந்து மூன்றடி இடைவெளி வேண்டும். அதில் யாரும் குடியிருக்கக் கூடாது. மீறினால் இழுத்துப்போய் நகராட்சிக் கிடங்கில் போட்டுவிடுவார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு ஆய்வாளர் வருவார். கேம்பர் நிறுத்த இடம் தரும் ஏரிக்கரை முகாம்கள் அடுத்த வாரம் குளிர்காலத்துக்கு மூடிவிடும். கேம்பர் போனால் ஓரினும் போக வேண்டியதுதான். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

சமையலறை ஜன்னலில் இரண்டு தட்டு.

"மாப்ளே, எழுந்தாச்சா?"

"எழுந்தாச்சு மாமா."

"காபி கொண்டுவந்திருக்கேன். உன் மிஷின்ல வர்ற கழனித்தண்ணி இல்ல. குடி." கோப்பையை ஜன்னல் வழியாக நீட்டினார். "யோசிச்சேன். இன்னிக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடட்டுமா?"

புதன்கிழமை அப்படித்தான் செய்தார். கேம்பரைப் பிக்கப்பில் மாட்டித் தெருவை ஒரு சுற்று சுற்றிவந்து அதே இடத்தில் நிறுத்தினார். சக்கரம் உருண்டால் எழுபத்திரண்டு மணி நேரம் புதிதாகத் தொடங்கும் என்பது இந்த ஊரில் படகு, கேம்பர் வைத்திருக்கும் எல்லோருடைய நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி ஊர் இப்படிச் சுற்றும்.

"அது செல்லாது மாமா. மாசத்துக்கே மொத்தம் எழுபத்திரண்டுதான்."

"யார் சொன்னது?"

"தாள்ல இருக்கு. கடைசி வரி."

"எறும்பு சைஸ்ல எழுதினா அது விதியா? எங்க மில்லுல முக்கியமானதை சிவப்புல எழுதி கக்கூஸ் கதவுல ஒட்டுவாங்க. படிக்காதவனே கிடையாது."

சிரித்தார். லினியாவும் அப்படித்தான் சிரிப்பாள், மூக்கு சுருங்க. நான் காபியைப் பார்த்தேன்.

"நீ கவலைப்படாதே. அந்த டுவேன் பய எத்தனை புகார் எழுதினாலும் நான் உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிட மாட்டேன்."

டுவேன் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர். நடுவில் அவருடைய மரவேலி. புகார் எழுதியவர் அவர்தான் என்று ஓரினும் அவருடைய இளைய மகளும் தாங்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. இல்லை என்று சொன்னால் பின்னே யார் என்று கேட்பார்கள்.

*

ஒன்பது மணிக்கு கிரெட்டா வந்தாள். லினியாவின் தங்கை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு. மூட்டு வலிக்கிற அப்பாவை அங்கே ஏற்ற முடியாது. முடிந்திருந்தால் எப்போதோ ஏற்றியிருப்பாள்.

வரும்போது கையில் நகராட்சியிலிருந்து வாங்கிய நில வரைபடம். தோளில், கடற்கரையில் காசு தேடுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த உலோகம் தேடும் கருவி.

"லீவு போட்டுட்டேன். டேப்பை எடு ஆண்டர்ஸ். என்ன பார்க்கிற, பேய் மாதிரி?"

"இது எங்க கிடைச்சது?"

"ஆபீஸ்ல ஒருத்தர் கொடுத்தார். ஏரிக்கரையில தொலைஞ்ச கல்யாண மோதிரமெல்லாம் எடுப்பார். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பாரான்னு கேக்காதே."

கிழக்குப் பக்கவாட்டில் மறுபடியும் அளந்தோம். வீட்டுச் சுவரிலிருந்து டுவேனின் வேலி வரை பத்தரை அடி. கீழே ஜல்லி போட்ட தரை. முன்பு இருந்தவர் படகு நிறுத்திய இடம். கேம்பரின் அகலம் எட்டடி. எல்லையிலிருந்து மூன்றடி விட வேண்டும்.

"எட்டும் மூணும் பதினொண்ணு," என்றார் ஓரின். "அதே அரையடி இடிக்குது. போச்சு."

"அவசரப்படாதீங்க அப்பா. வேலிதான் எல்லைன்னு யார் சொன்னது?" கிரெட்டா வரைபடத்தை விரித்தாள். "இதுல மனையோட அகலம் போட்டிருக்கு. கூட்டிப் பார்த்தா எங்கேயோ உதைக்குது. மூலையில இரும்புக் கம்பி புதைச்சிருக்கும். அதுதான் எல்லை."

நான் டேப்பைச் சுருட்டினேன்.

மாவட்ட நெடுஞ்சாலைத் துறையில் எனக்கு வேலையே நில வரைபடங்களைச் சரிபார்ப்பதுதான். வேலி என்பது யாரோ ஒரு சனிக்கிழமை மதியம் பியர் குடித்துக்கொண்டே நட்டது. அதை நம்பி எதையும் அளக்கக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த வீட்டில் மூன்று நாளாக அரையடியைப் பற்றிப் புலம்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

கிரெட்டா என்னைப் பார்த்தாள். "உனக்கு இது தோணவே இல்லையா? உன் வேலையே இதுதானே?"

"தோணல."

"அவனைத் திட்டாதே," என்றார் ஓரின். "அவன் மனசு இங்கயா இருக்கு?"

நடைபாதை ஓரத்தில் கருவி கத்தியது. முதலில் ஒரு பாட்டில் மூடி வந்தது. அப்புறம் ஒரு முள்கரண்டி. மூன்றாவது முறை, வேலியின் கோட்டிலிருந்து கிழக்கே தள்ளி, ஒன்றரைச் சாண் ஆழத்தில் மண்வெட்டி 'ணங்' என்றது. ஓரின் மண்டியிட்டுக் கையாலேயே மண்ணை வழித்தார். துருப்பிடித்த கம்பி. தலையில் ஒரு மூடி, அதில் எண்.

டேப்பைப் பிடித்தோம். வேலியிலிருந்து இரண்டடி தாண்டி.

"ரெண்டடி!" ஓரின் எழுந்து நின்றார், மூட்டு வலியை மறந்து. "அடப்பாவி, நம்ம மண்ணுல வேலி போட்டுக்கிட்டு நம்ம மேலயே புகார் எழுதியிருக்கான்!"

அந்த நேரம் பார்த்து டுவேனின் ரொட்டி வண்டி வந்து நின்றது. அவர் காலை நான்கு மணிக்குக் கிளம்பி, ஊர்க் கடைகளுக்கெல்லாம் ரொட்டி போட்டுவிட்டுப் பதினொரு மணிக்குத் திரும்புவார். இறங்கி வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

"என்ன, புதையலா?"

"புதையல்தான்," என்றார் ஓரின். "ரெண்டடிப் புதையல். உன் வேலி எங்க நிக்குதுன்னு பாரு."

டுவேன் கம்பியைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு முன்னாடி இருந்தவர் நட்டது ஓரின். நான் பலகை மட்டும்தான் மாத்தினேன். சத்தியமா தெரியாது."

"புகார் எழுத மட்டும் தெரிஞ்சுதா?"

"நான் எழுதல."

"பின்னே உன் நாயா எழுதுச்சு?"

டுவேனின் நாய்க்குக் கண் தெரியாது. பதினான்கு வயது. வேலியை மூக்கால் உரசிக்கொண்டே தோட்டத்தைச் சுற்றிவரும். லினியா பலகை இடுக்கு வழியாக அதற்குச் சீஸ் ஓரம் போடுவாள்.

"நான் எழுதல," என்றார் டுவேன் மறுபடியும். அவர் ஓரினைப் பார்த்துச் சொன்னார். எனக்கோ என்னைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. "சரி, மூணு மணிக்கு வராங்களாமே. அந்தப் பெரிய வண்டியைத் தனியா இந்த இடுக்குல விட முடியாது. நான் பின்னால நின்னு கை காட்டறேன்."

இதுதான் எங்கள் ஊர். புகார் எழுதியதாக நாம் நினைக்கிறவர் உதவிக்கு வருவார். நாமும் ஏற்றுக்கொள்வோம்.

*

ஒரு மணி நேரம் பிடித்தது. ஓரின் பிக்கப்பைப் பின்னோக்கி நகர்த்த, டுவேன் கத்திக்கொண்டே இருந்தார். "இடது, இடது! உன் இடது இல்ல, என் இடது! போதும்! ஐயோ போதும்யா!" ஓரினின் மந்தக் காது அந்தப் பக்கம். கிரெட்டா தன் பங்குக்குக் கைகளை ஆட்டினாள். நான் சுவரோரம் நின்று கூரை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேம்பர் ஜல்லியில் ஏறி உள்ளே வந்தது. வீட்டின் முன்சுவருக்குப் பின்னால் முழுதும் போனது. எங்கள் சுவரிலிருந்து ஒன்றரை அடி. எல்லையிலிருந்து சரியாக மூன்றடி.

நான் உள்ளே போனேன். சமையலறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது.

கிழக்குச் சுவரில் இருப்பது ஒரே ஜன்னல். தொட்டிக்கு மேலே. லினியா அங்கே நின்றுதான் பாத்திரம் கழுவுவாள். காலையில் வெயில் நேராக முகத்தில் விழும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுவுவாள். இப்போது அந்த ஜன்னல் நிறைய வெள்ளைத் தகரம். நடுவில் இன்னொரு சின்ன ஜன்னல். அதற்குள் ஓரினின் கட்டில், தலையணை, கொக்கியில் தொங்கும் கம்பளிச் சட்டை.

கையை நீட்டினால் தொடலாம்.

நான் விரட்ட நினைத்த வண்டி சட்டப்படி வந்து என் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றது.

ஓரின் அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார். "பாத்தியா மாப்ளே! இனிமே காபி கொடுக்க வெளிய வரவே வேண்டாம்."

*

ஆய்வாளர் மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்தார். திருமதி பெட்ரிக். ஐம்பது வயதிருக்கும். வாயில் சூயிங்கம், கையில் அட்டை, அட்டையில் தாள்கள்.

கம்பியைப் பார்த்தார். அளந்தார். "நல்லா தேடியிருக்கீங்க," என்றார். "இந்தத் தெருவுல பாதி வேலி தப்பாதான் இருக்கும். யாரும் தோண்ட மாட்டாங்க."

"அப்போ சரிதானே மேடம்?" என்றாள் கிரெட்டா.

"முன்சுவர் சரி. மூணடி சரி." ஒரு தாளைப் புரட்டினார். "இன்னும் ஒண்ணு இருக்கு. ஒருத்தர் இதுலயே குடியிருக்கார்னு புகார்ல எழுதியிருக்கு. 'தினமும் காலை ஆறு மணி வாக்கில் உள்ளே பெண் குரல் சத்தமாக ஒலிக்கிறது'ன்னும் எழுதியிருக்கு." நிமிர்ந்தார். "ரேடியோவா?"

கிரெட்டா ஓரினைப் பார்த்தாள்.

நான் அந்த வரியை எழுதியிருந்தேன். மூன்றாவது கட்டம்: வேறு ஏதேனும் தொந்தரவு இருப்பின் குறிப்பிடவும். குறிப்பிட்டேன்.

ஓரினின் முகத்தை அப்போது பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். கழுத்திலிருந்து மேலே சிவந்தது. கை சட்டைப்பையில் இருந்த போனை, மூடுவதுபோல, தொட்டது.

"ரேடியோதான்," என்றார். "எனக்குக் காது மந்தம். சத்தத்தைக் குறைச்சுக்கறேன்."

"ரேடியோன்னா விதி எதுவும் இல்ல. சும்மா கேட்டேன்." திருமதி பெட்ரிக் என் பக்கம் திரும்பினார். "வீடு உங்க பேர்ல இருக்கு. நீங்க சொல்லுங்க. இதுல யாராவது தூங்கறாங்களா?"

அவர் என்னைப் பார்த்த விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. புகாரின் முதல் கட்டம், எழுதுபவர் பெயர். அவர் அதைப் படித்திருக்கிறார். வந்ததிலிருந்து யார் முன் நிற்கிறோம் என்று தெரிந்தேதான் நின்றிருக்கிறார்.

ஒரு சொல் போதும். ஆமாம் என்றால் ஓரின் இன்றே கிளம்ப வேண்டும். நான் கேட்டது அதுதான். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இல்ல," என்றேன். "மாமா வீட்டுக்குள்ளதான் தூங்கறார்."

"புகார்ல அப்படி இல்லையே."

"எழுதினவர் தப்பா எழுதியிருப்பார்."

"ஓ." சூயிங்கம் நின்றது. "எழுதினவர் தப்பா எழுதிட்டார். அப்படித்தானே சொல்றீங்க?"

"ஆமாம்."

"எந்த அறை?"

"மாடி அறை."

பேனாவை இரண்டு தடவை அழுத்தினார். பிறகு எழுதினார். ஆரஞ்சுத் தாளைக் கதவிலிருந்து கிழித்து மடித்துக்கொண்டார்.

"மேடம்," என்றாள் கிரெட்டா. "அந்தப் புகாரோட நகல் எனக்கு வேணும். காலைலயே எழுதிக் கொடுத்திருக்கேன்."

"பொதுப் பதிவுதான். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு கவுன்டர்ல தருவாங்க." அவர் காரின் கதவைத் திறந்தார். உள்ளே உட்காரும் முன் என்னைப் பார்த்து, "வார இறுதி நல்லபடியா போகட்டும்," என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான்.

கார் திரும்பியதும் ஓரின் வேலிக்குப் போனார். ஓடவில்லை. ஆனால் நாங்கள் போய்ச் சேருவதற்குள் பேசி முடித்துவிட்டார்.

"இது எங்க மண்ணு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு இந்த வேலி இங்க இருக்கக் கூடாது."

அந்தப் பக்கம் டுவேன் நாய்க்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். "ஓரின், நாய்க்குக் கண்ணு தெரியாது. வேலி இல்லாட்டி நேரா ரோட்டுக்குப் போயிடும். வசந்தம் வரைக்கும் டைம் கொடு. குளிர்ல மண்ணு உறைஞ்சு இறுகிட்டா புதுசா கால் நட முடியாது."

"வண்டியைப் பத்தி எழுதின, சரி. குடியிருக்கேன்னு எழுதின, அதுவும் சரி." ஓரின் வேலிப் பலகையைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணு குரல் உனக்குத் தொந்தரவாய்யா?"

"எந்தக் குரல்?" என்றார் டுவேன்.

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அது அவர் முகத்திலேயே இருந்தது. ஓரின் பார்க்கவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

*

ஐந்து மணிக்கு கிரெட்டா மீன் வாங்கப் போனாள். தேவாலயக் கூடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பொரித்த மீன் உண்டு. வரிசையில் நின்று மூன்று பொட்டலம், ரை ரொட்டி, முட்டைக்கோஸ் கலவை.

அவள் போயிருந்தபோது ஓரின் பின்கதவைத் தட்டினார். ஜன்னலை அல்ல, கதவை. கையில் தலையணையும் ஒரு பையும்.

"மாப்ளே. அந்த அம்மாகிட்ட நீ சொன்னது வாய்ப்பேச்சுதான்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். அவங்க மறுபடியும் வந்து பார்த்தா உனக்குச் சங்கடம்னுதான்..."

"வாங்க மாமா," என்றேன்.

ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஆறு மாதத்தில் அந்த வாசலை அவர் தாண்டியது கழிவறைக்கும் துணி துவைக்கவும் மட்டும். படியில் ஒரு கை கைப்பிடியில், ஒரு கை தலையணையில். நான் பின்னால் போனேன்.

கதவை நான்தான் திறந்தேன். அடைத்த அறையின் நாற்றம்தான் இருந்தது, வேறெதுவும் இல்லை. கட்டில் விரிப்பு நான் விட்டபடியே கிடந்தது.

ஓரின் உள்ளே போகாமல் நின்றார்.

"அவ எந்தப் பக்கம் படுப்பா?"

"ஜன்னல் பக்கம்."

"அப்போ நான் கதவுப் பக்கம் படுத்துக்கறேன்." தலையணையை அங்கே வைத்து இரண்டு தட்டு தட்டினார். "அந்தப் பக்கம் இருக்கட்டும்."

நான் கீழே வந்துவிட்டேன்.

கிரெட்டா திரும்பி வந்தாள். சமையலறை விளக்கில் பொட்டலங்களைப் பிரித்தாள். ஜன்னல் முழுக்கத் தகரம்.

"சாயங்காலமே குகை மாதிரி ஆயிடுச்சே இது. பரவால்ல, அப்பா உள்ள வந்தாரே. அதுவே எனக்குப் போதும்." என் தோளில் லேசாகக் குத்தினாள். "நீ பெரிய ஆளுதான். அந்த அம்மா முகத்தைப் பார்த்து எப்படிப் பொய் சொன்னே! திங்கட்கிழமை அந்த நகலை வாங்கி டுவேன் மூஞ்சிக்கு நேரா நீட்டல, என் பேரு கிரெட்டா இல்ல."

"அதை விட்டுடேன்."

"ஏன் விடணும்? அக்கா இருந்தா விடுவாளா?"

அப்போது மேலே ஒலித்தது.

*அப்பா, நான்தான். போனை எடுக்கவே மாட்டீங்களா?*

கிரெட்டாவின் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. அவள் இதைக் கேட்டதே இல்லை. இப்படி ஒரு பதிவு இருப்பதே அவளுக்குத் தெரியாது. தகரத்துக்குள்ளிருந்து கேட்டபோது அது போனில் பேசும் குரலாக இருந்தது. இப்போது மரத்தரை வழியாக, படி வழியாக, மாடியில் யாரோ இருப்பதுபோல இறங்கி வந்தது.

*வெள்ளிக்கிழமை மீன் வாங்கிட்டு வரேன், நீங்க எதுவும் சமைச்சு வைக்காதீங்க.*

அவள் தட்டைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"ஏப்ரல்ல இருந்து."

"தினமுமா?"

"ஆறு பத்துக்கு."

"காலைலயா?"

"ஆமாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு துடைப்பதை நிறுத்தினாள். காப்பீட்டு அலுவலகத்தில் அவளுடைய வேலை, நடந்ததையும் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. அவள் முகத்தில் அந்த வேலை நடப்பது எனக்குத் தெரிந்தது.

"டுவேன் நாலு மணிக்கு ரொட்டி வண்டியை எடுத்துடுவார்," என்றாள் மெதுவாக.

நான் முள்கரண்டிகளை எடுத்து வைத்தேன். மூன்று.

"ஆறு மணிக்கு அவர் வீட்லயே இருக்க மாட்டார். அப்பாவோட கேம்பரும் அப்போ முன்னால நின்னுது, அவர் வீட்டுக்கு அந்தக் கோடியில. 'எந்தக் குரல்'னு கேட்டாரே." குரல் இன்னும் தாழ்ந்தது. "ஆண்டர்ஸ். காலைல ஆறு மணிக்கு இது யாருக்குக் கேக்கும்?"

படி கிறீச்சிட்டது. ஓரின் இறங்கி வந்தார். ஈரம் வைத்து வாரிய தலை. கையில் போன்.

"மேல எவ்வளவு நல்லா கேக்குது தெரியுமா," என்றார். "வண்டிக்குள்ள டப்பாவுல பேசற மாதிரி இருக்கும். இங்க நிஜமா பேசற மாதிரி இருக்கு. உனக்குக் கேட்டுச்சா மாப்ளே?"

"கேட்டுச்சு மாமா."

"நான் யோசிச்சேன். உனக்கு சத்தமா இருந்தா சொல்லிடு. குறைச்சு வெச்சுக்கறேன். நீ சொல்ல மாட்டே, எனக்குத் தெரியும். ஆனா சொல்லு." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மீனைப் பார்த்ததும் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "நாளைக்கு எட்டு மணி, மறந்துடாதீங்க. வேலியைப் பிடுங்கக் கடப்பாரை வேணும். நம்மகிட்ட இல்ல. டுவேன்கிட்டயே கேட்டிருக்கேன். தரேன்னு சொல்லிட்டான்."

வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம், நாய் பலகையை உரசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

கிரெட்டா என்னிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. திங்கட்கிழமை ஒன்பது மணிவரை அவள் காத்திருக்க மாட்டாள். நாளை எட்டு மணிவரைகூட இல்லை.

"மாமா," என்றேன்.

ஓரின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். நல்ல காதை என் பக்கம் திருப்பினார்.

"சொல்லு மாப்ளே."